3-9 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) உள்ள ரைஃபிளில் கூடவே ஒரு ரெட் டாட் (பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் கருவி) தேவையா?

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குத்தானே கேட்கிறீர்கள்? புதருக்குள் நுழைவீர்கள் என்றால் உதவும். 3 மடங்கில் வைத்தாலும் 10 கஜத்தில் ஏறக்குறைய மூன்றடி அகலம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். ஓடும் பன்றி அதில் வெறும் ரோமப் படலம்!

ரெட் டாட்டை ஸ்கோப்புக்கு மேலேயே பூட்டினால் குறிபார்க்கும்போது கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழும்பிவிடும். 45 டிகிரி பக்கவாட்டு மவுண்ட் பரவாயில்லை, துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தால் புள்ளி கண்முன் வந்துவிடும். ஆனால் போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) என்றால், கைப்பிடியைத் தூக்கும்போது டாட்டில் இடிக்கிறதா என்று தோட்டா இல்லாமல் இழுத்துப் பாருங்கள். அப்புறம், சாய்த்த நிலையிலேயே 50 கஜத்தில் ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு புள்ளியிலேயே படும்படி சரிசெய்யுங்கள். சில கஜ தூரத்தில் குண்டு புள்ளிக்குக் கொஞ்சம் கீழேதான் படும்.

நானாக இருந்தால் இரண்டையும் விட்டு 1-6 ஸ்கோப் ஒன்றை வாங்கிவிடுவேன்.