அந்த 20 காசு எங்கே போகிறது?

கேள்வி: செயலி வழி வண்டி ஓட்டுவோர், உணவு விநியோகிப்போர் ஆகியோருக்கான இணையத்தள ஊழியர் சட்டம் சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. வாடகை வண்டிச் செயலி நிறுவனமான கிராப் உடனே பயணத்துக்கு வாங்கும் தன் தளக் கட்டணத்தை 70 காசிலிருந்து 90 காசாக ஏற்றிவிட்டது. சட்டம் போடப் போட, கடைசியில் பணம் கொடுப்பது நாம்தானே? ஆன்லைன் தொழிலை அதன் போக்கில் விட்டால் என்ன?
- ஈசூன் வாசகர்

பதில்: அதன் போக்கில் விட்டுப் பார்த்தோமே! 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதன்பின் பயணிகள் கொடுத்த கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு வரை ஏறியதாகச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கண்டறிந்தது. 15 வெள்ளிப் பயணத்துக்குக் கணக்குப் போடுங்கள்: குறைந்தது ஒன்றரை வெள்ளி. அந்த ஏற்றத்துக்கு எந்தச் சட்டம் காரணம்? ஆணையம் தலையிட்டு இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. ஓட்டுநர்களை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடக் கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் கோஜெக் என்ற போட்டி நிறுவனம் வந்தபோது அதற்கும் அந்த ஓட்டுநர்களால் ஓட்ட முடிந்தது.

சரி, 20 காசுக்கு வருவோம். மழையில் சைக்கிள் வழுக்கிக் கால் முறிந்த உணவு விநியோக ஊழியர் முன்பு சட்டத்தின் கண்ணில் சுயதொழில் செய்பவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உங்களுக்கும் எனக்கும் உள்ள வேலையிட விபத்து இழப்பீடு அவருக்குச் சட்டப்படி இல்லை. சாப்பாடு மலிவாக வந்தது என்று நாம் சந்தோஷப்பட்டோம். மீதிப் பணத்தை அவர் தன் காலால் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது நமக்குள்ள அதே அளவு இழப்பீடு அவருக்கும் உண்டு. 1995 முதல் பிறந்தவராக இருந்தால் மத்திய சேமநிதிக்கு அவரோடு சேர்ந்து நிறுவனமும் பணம் போட வேண்டும். மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம்.

ஒன்று சொல்கிறேன். சட்டம் நிறுவனத்தைத்தான் பணம் போடச் சொன்னது. அதைப் பயணி தலையில் இறக்கி வைக்கச் சொல்லவில்லை. உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அந்த நிறுவனம்தான்.

எனக்கும் இந்தச் சட்டத்தின்மேல் குறை உண்டு. அடுத்த ஆர்டருக்காக வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காத்திருக்கும் நேரத்தில் அடிபட்டால் அதற்கு இழப்பீடு கிடையாது. அதையும் சேர்க்க வேண்டும். அதற்காக இன்னொரு 10 காசு ஏறினாலும் நான் கொடுப்பேன்.