பின்வாசல் பூட்டும் ஒன்றுகூடும் இடமும்

வணக்கம் ஐயா. கடலூர் சிப்காட்டில் நாற்பது பேர் வேலை செய்யும் உங்கள் பெயிண்ட் ஆலையில் திருட்டுக்குப் பயந்து பின்வாசலைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருப்பதாகவும், தீப்பிடித்தால் வெளியேறி எல்லோரும் ஒன்றுகூடும் இடம் மேற்கு வாசலில் மட்டும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பூட்டை இன்றே எடுத்துவிடுங்கள். புகை சூழ்ந்தபின் சாவி தேட யாருக்கும் நேரம் இருக்காது. தப்பிச் செல்லும் வழியைப் பாதுகாப்பாகப் பராமரிக்க வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொன்னது. உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் தாழ்ப்பாளைப் பொருத்தினால் திருட்டுப் பயமும் தீரும்.

நம் ஊரில் பிற்பகலில் பெரும்பாலும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், தின்னர் ஆவியும் புகையும் நேரே உங்கள் மேற்கு வாசலுக்குத்தான் போகும். எனவே கிழக்குப் பக்கமும் ஓரிடம் குறித்து, காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பை எல்லோர் கண்ணிலும் படும்படி உயரத்தில் கட்டுங்கள்.

எங்கள் ஆலையில் நடந்த ஒத்திகையில், ஒப்பந்தத் தொழிலாளர் மூவரின் பெயர் பதிவேட்டில் இல்லாததால் தலை எண்ணிக்கை பொருந்தாமல் தவித்துப் போனோம். உள்ளே வரும் லாரி ஓட்டுநர், கிளீனர் உட்பட அனைவர் பெயரும் வாசல் பதிவேட்டில் ஏறட்டும். 101ஐ அழைக்க வேண்டியவர் யார் என்பதையும் ஷிப்ட் வாரியாக எழுதி ஒட்டிவிடுங்கள்.