மெயில் தட்டிவிட்டா போதுமா?

கேள்வி: காலநிலை மாற்றத்துக்குன்னு தனிச் சட்டம் வேணும்னு இப்போ நிறைய பேர் பேசுறாங்க. அப்படி வந்தா அரசு வரைவை வெளியிட்டு எல்லார்கிட்டயும் கருத்து கேக்கத்தான் போகுது, நாமளும் ஒரு மெயில் தட்டிவிடப் போறோம். அதுக்குள்ள ‘கண்துடைப்பு’ன்னு ஏன் எழுதுறீங்க? குறை சொல்றதே உங்க வேலையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆமா சார், அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க.

சட்டம் வரணும்ங்கறதுல எனக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. 2024 மார்ச்ல, அழிஞ்சிட்டு வர்ற கானமயில்ங்கற பறவையைக் காப்பாத்தப் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட், காலநிலை மாற்றத்தோட பாதிப்புலேர்ந்து பாதுகாப்பா வாழுறது அரசியல் சாசனத்துல சமத்துவம், உயிர்வாழும் உரிமை பத்திப் பேசுற 14, 21-ஆம் பிரிவுகள்ல அடங்குற உரிமைன்னு சொல்லிச்சு, இதுக்குன்னு ஒரே குடையா ஒரு சட்டம் நம்ம நாட்டுல இல்லைன்னும் அதே தீர்ப்புல எழுதிச்சு. சரி, வரட்டும். ஆனா டெல்லிக்காரங்க கருத்து கேக்குற லட்சணம் எப்படின்னு 2020-ல பாத்தாச்சே, அதை எப்படி மறக்கச் சொல்றீங்க?

தொழிற்சாலை, சுரங்கத்துக்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி எப்படிக் கொடுக்கணும்னு சொல்ற விதிகளோட வரைவு, அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, நம்ம பசங்க பாஷைல ‘இஐஏ 2020’. ஏப்ரல் 11-ஆம் தேதி கெஸட்ல வருது. ஊரே லாக்டவுன்ல கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கு, அதுல 60 நாளைக்குள்ள கருத்து சொல்லணுமாம், வரைவு இங்கிலீஷ்லயும் இந்திலயும் மட்டும். அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துல வலை விரிக்கிற மீனவர் அதை எந்த மொழியில படிப்பாருன்னு யாரும் யோசிக்கல. டெல்லி ஹைகோர்ட் ஜூன் 30-ஆம் தேதி, எட்டாவது அட்டவணைல இருக்குற 22 மொழியிலயும் பத்து நாள்ல கொடுங்க, ஆகஸ்ட் 11 வரைக்கும் டைம் கொடுங்கன்னு சொல்லிச்சு. சொன்னா கொடுக்கணும்தானே? அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க! மக்கள்கிட்ட அவங்க மொழியில கேக்க மாட்டேன்னு ஒரு அரசு கேஸ் நடத்துது சார், அங்கயும் எடுபடல, அது வேற. தமிழ்ல சூழல் இயக்கத்துக்காரங்களே உக்காந்து மொழிபெயர்த்து வாட்ஸ்அப்ல சுத்த விட்டாங்க.

இத்தனைக்கும் நடுவுல 17 லட்சத்துக்கு மேல கருத்து போய்ச் சேந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு? அந்த வரைவை இன்னிக்கு வரைக்கும் இறுதி பண்ணல. ‘பாத்தீங்களா, ஜெயிச்சுட்டோம்’னு சொல்லிடாதீங்க, இனிமேதான் கதையே இருக்கு. அதுல மக்கள் அதிகமா எதிர்த்தது எது? அனுமதி வாங்காமயே தொழிலை ஆரம்பிச்சிட்டு அப்புறமா வந்து அனுமதி வாங்கிக்கலாம்ங்கற ஏற்பாடு. அதே ஏற்பாடு 2021 ஜூலை 7-ஆம் தேதி ஒரு ஆபீஸ் மெமோரண்டமா வந்துச்சு. மெமோன்னா வரைவும் கிடையாது, 60 நாளும் கிடையாது, கருத்துக்கேட்பும் கிடையாது, ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டா தீந்தது. மதுரை பெஞ்ச் அடுத்த வாரமே தடை போட்டுச்சு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்த மெமோவையே ரத்து பண்ணிச்சு, நவம்பர்ல மூணு ஜட்ஜ்ல ரெண்டுக்கு ஒண்ணுன்னு அந்தத் தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கிச்சு. 17 லட்சம் பேர் எழுதினது எங்கயோ தூங்குது.

உங்க மாவட்டக் கதையே இருக்கே. கிள்ளியூர் தாலுகால 1,144 ஹெக்டேர்ல கனிம மணல் எடுக்குற திட்டம், 2024 அக்டோபர் 1-ல நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர் 8-ல டெல்லியிலேர்ந்து இன்னொரு மெமோ: அணுக் கனிமம் (கிள்ளியூர் மணல்லயும் அது இருக்கு), முக்கியக் கனிமச் சுரங்கத்துக்கெல்லாம் இனிமே மக்கள்கிட்ட கருத்தே கேக்க வேண்டாம். கூட்டத்துல எதிர்ப்பு வருதா, கூட்டத்தையே தூக்கிடு! வாபஸ் வாங்குங்கன்னு முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு லெட்டர் போட்டாரு.

எல்லா ஊர்லயும் இப்படியான்னா, இல்ல. பிரிட்டன்ல 2007 மார்ச்ல காலநிலை மசோதா வரைவை வெளியிட்டாங்க, சுமார் 17,000 பேர் பதில் எழுதினாங்க. நம்ம கணக்குல நூத்துல ஒரு பங்கு. ஆனா எதை ஏத்துக்கிட்டோம், எதை ஏத்துக்கலைன்னு அக்டோபர்லயே அரசு தனியா அறிக்கை போட்டுச்சு. வரைவுல 2050-க்குள்ள 60 சதவீதம் கரியமில வாயுவைக் குறைக்கணும்னு இருந்துச்சு, 2008 நவம்பர்ல சட்டமானப்போ அது 80. லெட்டரால மட்டும் மாறல, நிபுணர் குழு சொன்னதும் தெருவுல நடந்த பிரச்சாரமும் சேந்துதான். அந்த ஊர்க்காரங்க ஒண்ணும் புத்தர் இல்ல, அவங்க புகைச்ச புகைக்குத்தான் நாம இப்போ வேர்க்குறோம். ஆனா வரைவு வேற, சட்டம் வேறன்னு கண்ணுல தெரிஞ்சுதுல்ல?

அதனால நம்ம வரைவு வர்ற அன்னிக்கு இலக்கு எத்தனை சதவீதம்னு தேடாதீங்க. மொதல்ல தமிழ்ல இருக்கா பாருங்க, வந்த கருத்துக்கெல்லாம் பதில் அறிக்கை எந்தத் தேதிக்குள்ளன்னு போட்டிருக்கான்னு பாருங்க, மக்கள்கிட்ட கேக்காம மெமோ போட்டு சட்டத்தைத் தளர்த்த முடியாதுன்னு ஒரு பிரிவு இருக்கான்னு கடைசிப் பக்கம் வரைக்கும் தேடுங்க. இல்லேன்னா உங்க மெயில்ல அதை மட்டும் எழுதுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.