'விண்டோஸ் 10 எக்ஸ்' போட்டுத் தருவதாகச் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஆறாம் தலைமுறை ஐ3 புரொசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் லப்டொப். விண்டோஸ் 10 ஊர்கிறது, 11 ஏறாதாம். பாரமில்லாத 'விண்டோஸ் 10 எக்ஸ்' போடலாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: வேண்டாம். அப்படியொன்று விற்பனைக்கு வரவேயில்லை. இரட்டைத் திரைக் கணினிகளுக்கென்று 2019 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2021 மே மாதத்தில் கைவிட்டது. அதன் முகப்பில் சில அம்சங்கள் விண்டோஸ் 11க்குப் போயின. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது, 2021இல் கசிந்த சோதனைப் பிரதியாகவோ யாரோ வெட்டிக் குறைத்த விண்டோஸ் 10 ஆகவோதான் இருக்கும். முதலாவதற்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. இரண்டாவதில் பெரும்பாலும் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பையும் அப்டேட்டையும் பிடுங்கிவிட்டுத்தான் வேகம் காட்டுகிறார்கள். அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது.

உங்கள் லப்டொப் ஊர்வதற்கு முதல் காரணம் ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போடுங்கள்: 2.5 அங்குல சாட்டா வகை, 256 ஜிபி, போதும். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆனால் ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரண்டு ரேம் வகைகளும் உண்டு; ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. பழைய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3எல்லா (டிடிஆர்3எல்) பிசி4ஆ (டிடிஆர்4) என்று பார்க்காமல் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லாதீர்கள். திருப்பி எடுக்க மாட்டார்கள்.

லப்டொப்பைக் கடையில் கொடுக்கும் முன் உள்ளிருக்கும் பாகங்களின் சீரியல் இலக்கங்களைப் படம் பிடியுங்கள். கழற்றிய டிஸ்க்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். "அது பழுது, இங்கேயே கிடக்கட்டும்" என்பார்கள். உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. பில் தராத கடையை விட்டு வெளியே வாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. மேலதிகப் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரை. அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். நன்றாக ஓடக்கூடிய கணினிகளை விண்டோஸ் 11க்கு ஆகாது, எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை என்று கழித்துவிட்டது நிறுவனம் எடுத்த முடிவு. அதற்கு நீங்கள் ஏன் புது லப்டொப் வாங்க வேண்டும்? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் பாரமில்லாத எக்ஸ்எப்சிஈ பதிப்பு இலவசம். கடைக்குக் கூலி மட்டும் கொடுங்கள். பதியும் முன் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபையையும் பிரின்டரையும் சோதியுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதுபவரானால் மட்டும் சற்றுப் பொறுங்கள். பாமினிக் கோப்பில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. டிஸ்க்கை அழித்தபின் கடிதங்களைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள் வரும், "பைல் பழுதாகிவிட்டது, மீட்க இவ்வளவு" என்று அதற்கும் காசு கேட்பார்கள். எதுவும் பழுதாகவில்லை. விண்டோஸ் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை முதலில் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். மின்ட்டில் அதை இரட்டைக் கிளிக் செய்து நிறுவிவிட்டு, கடிதம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் அதே எழுத்துருவைத் தெரிவுசெய்தால் பழைய கடிதம் அப்படியே தெரியும்.