பெயருக்காக எண்பது லட்சம் கடன் வேண்டாம்: பொதுக் கொள்கைப் படிப்பும் அமெரிக்க விசாவும்

ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகள் பொருளியலில் இளங்கலை முடித்து, உள்ளாட்சி நிதி பற்றி ஆராயும் சிறிய அமைப்பு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் பொதுக் கொள்கை முதுகலைக்கு அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரிந்த பள்ளி, உதவித்தொகை கிடையாது. மற்றொன்று, கட்டணத்தில் பாதியைக் குறைத்திருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே பாடத்திட்டத்தில் பாதி புள்ளியியலும் நிரல் எழுதுவதும்தான். பெரியப்பா பெரிய பெயரை விடவே கூடாது என்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா, இரண்டையும் உதறிவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால்தான் விசா கிடைக்கும் என்கிறார். கொள்கை ஆய்வு, அரசுத் தொடர்பு போன்ற வேலைகளுக்கு விசா ஸ்பான்சர் செய்பவர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

இருக்கிறார்கள். ஆனால் உங்கள் உறவினர்கள் தேடச் சொல்லும் இடங்களில் இல்லை.

பெரிய பெயரிலிருந்தே தொடங்குகிறேன். உதவித்தொகை இல்லாமல் இப்படிப்பட்ட பள்ளியில் இரண்டு ஆண்டு கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். நீங்கள் 80 லட்ச ரூபாய் கடன் வாங்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 1,10,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. விசா கிடைக்காமல் உங்கள் மகள் ஊர் திரும்பினால், இந்தியாவில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தின் தொடக்கநிலைச் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது. அப்போது அவள் தனக்குப் பிடித்த வேலையை விட்டுவிட்டுக் கடனுக்காக வேறு ஏதோ வேலைக்குப் போக வேண்டியிருக்கும். இந்தப் படிப்பை அவள் எதற்காகத் தேர்ந்தெடுத்தாளோ, அதையே அந்தக் கடன் பறித்துக்கொள்ளும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

சரி, அந்தப் பெயர் விசாவையாவது வாங்கித் தருமா? தராது. அந்தப் பள்ளிகளின் விளம்பரத்தில் வரும் பெருமைமிக்க வேலைகள் பலவும் அமெரிக்கக் குடிமக்களுக்கானவை. கூட்டாட்சி அரசின் போட்டிப் பணிகள் 1976-ஆம் ஆண்டின் நிர்வாக ஆணைப்படி குடிமக்களுக்கே உரியவை. விதிவிலக்குகள் மிகக் குறைவு. நிறுவனங்களின் அரசுத் தொடர்புப் பிரிவில் வெளிநாட்டவர் வேலை செய்யச் சட்டத் தடை இல்லை. ஆனால் அங்கே சம்பளம் கொடுப்பதே அறிமுகங்களுக்காகத்தான். நாடாளுமன்ற அலுவலகங்களில் பல ஆண்டுகள் உழைத்து, எந்தக் குழுவில் யார் எதை முடிவு செய்கிறார் என்று அறிந்தவர்களையே அவர்கள் எடுக்கிறார்கள். படிப்பை இப்போதுதான் முடித்த வெளிநாட்டு மாணவியிடம் அந்த அறிமுகங்கள் இருக்காது. தவிர, வெளிநாட்டு நிபுணரை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனம் விண்ணப்பித்து வாங்கும் எச்-1பி விசாவுக்கு அந்த வேலை ஒரு குறிப்பிட்ட துறைப் பட்டத்தைக் கட்டாயமாகக் கோருவதாக இருக்க வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரும் செய்யலாம் என்று தோன்றும் தொடர்பு வேலைக்கு அதை நிறுவுவது கடினம். அரசுத் தொடர்பு வேலைக்குப் போக வேண்டுமென்றால், ஒரு துறையில் நிபுணராகி, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம் நகரலாம். அதையே முதல் வேலையாக நினைத்துக் கடன் வாங்கக் கூடாது.

அடுத்தது, கேட்பவர்கள் விசாக்களைவிட அதிகம் என்பதால் எச்-1பிக்கு நடக்கும் குலுக்கல். சாதாரண நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 65,000 எச்-1பி விசாக்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 விசாக்களும்தான். முன்பு எல்லோருக்கும் சமமாக நடந்த குலுக்கல், 2026 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த விதியால் மாறிவிட்டது. வேலைக்குத் தரும் சம்பளத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, மிக உயர்ந்த நிலை நான்கில் இருப்பவரின் பெயர் நான்கு முறையும், நிலை ஒன்றில் இருப்பவரின் பெயர் ஒரே ஒரு முறையும் சேர்க்கப்படுகிறது. கொள்கைத் துறையின் முதல் வேலை பெரும்பாலும் நிலை ஒன்று அல்லது இரண்டு. பள்ளியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

படிப்பின் பெயரைவிட முக்கியமானது அதன் சிஐபி குறியீடு. அமெரிக்கக் கல்வித் துறை ஒவ்வொரு படிப்புக்கும் கொடுக்கும் எண் அது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலேயே அச்சாகியிருக்கும். பொதுக் கொள்கைப் பகுப்பாய்வுக்கான வழக்கமான குறியீடு 44.0501. அது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் இல்லை. அந்தக் குறியீட்டில் படித்தால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓபிடி 12 மாதம்தான். அதே பாடங்களை அளவியல் பொருளியல் (45.0603) அல்லது தரவுப் பகுப்பாய்வு போன்ற ஸ்டெம் குறியீட்டில் நடத்தும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே படித்தவருக்கு மேலும் 24 மாதம், ஆக மொத்தம் 36 மாதம் கிடைக்கும். கார்னகி மெலனில் ஹைன்ஸ் கல்லூரியின் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் பள்ளியும் கணினி அறிவியல் துறையும் சேர்ந்து நடத்தும் கணிப்பியல் கொள்கைப் படிப்பும் இந்த வகை. உங்கள் மகளுக்குக் கிடைத்த இரண்டாவது இடத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் அதுவும் இதே வகையாகத்தான் தெரிகிறது.

ஓபிடியின் நுணுக்கங்களைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே விளக்கிவிடும். இரண்டை மட்டும் இப்போதே மனத்தில் வையுங்கள். முதல் 12 மாதத்தில் வேலை இல்லாத நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. ஸ்டெம் நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இணைய அமைப்பான இ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த வழி. எச்-1பி குலுக்கல் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகள், லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு அமைப்புகள் ஆகியவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அவர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். குலுக்கலின் மார்ச் பதிவுக்கும், அக்டோபரில் விசா தொடங்குவதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விரைவுப் பரிசீலனைக் கட்டணம் செலுத்தினால் 15 வேலைநாட்களில் பதில் வரும். 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இந்தக் கதவை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறது: ஆய்வே முதன்மைப் பணியாக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை போய், ஆய்வு அடிப்படைப் பணிகளில் ஒன்றாக இருந்தால் போதும் என்று ஆகியிருக்கிறது. அறிக்கை எழுதுவதோடு பயிற்சியும் பரப்புரையும் சேர்த்துச் செய்யும் கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

இந்தக் கதவின் உள்ளே என்ன வேலை இருக்கிறது? உங்கள் மகள் இப்போது செய்வதேதான். எம்ஐடியில் 2003-இல் தொடங்கிய ஜே-பால், ஹார்வர்டில் இயங்கும் ஆப்பர்ச்சுனிட்டி இன்சைட்ஸ், சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்றத்தடுப்பு ஆய்வகமும் எரிசக்திக் கொள்கை நிறுவனமும், ஜார்ஜ்டவுனின் பாதுகாப்பு மற்றும் புதிய தொழில்நுட்ப மையம், யுசிஎல்ஏவும் பெர்க்லியும் சேர்ந்து நடத்தும் கலிஃபோர்னியா பாலிசி லேப் ஆகியவை நகர அரசுகளோடும் மாநில அரசுகளோடும் கூட்டாட்சித் துறைகளோடும் சேர்ந்து வேலை செய்கின்றன. உதவித்தொகைத் திட்டம் ஒன்று யாரைச் சென்றடையவில்லை, கைதானவர்களில் யாரை ஜாமீனில் விட்டால் திரும்பி வருவார்கள், எந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் தேவை என்பன போன்ற கேள்விகள் ஒரு ஆய்வாளரின் மேசைக்கு வருகின்றன. அவர் அரசுத் துறையின் பதிவேடுகளைச் சுத்தம் செய்து, ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்கிட்டு, இரண்டு பக்கக் குறிப்பாக எழுதித் துறை அதிகாரிகளின் முன் வைக்கிறார். அரசுக்குள் சம்பளம் வாங்க முடியாத ஒரு வெளிநாட்டுப் பெண், அரசின் முடிவுகளுக்கு இவ்வளவு அருகில் உட்காரக்கூடிய வேறு இடம் அங்கே எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலைகள் ரிசர்ச் அனலிஸ்ட், ரிசர்ச் அசோசியேட், பாலிசி அசோசியேட், பிரீடாக் (முனைவர் படிப்புக்கு முந்தைய ஆய்வுப் பணி) என்று பல பெயர்களில் வருகின்றன. பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் அறிவித்துக் கோடையில் சேர்த்துக்கொள்கிறார்கள். தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகமான என்பிஇஆரின் இணையப் பக்கத்தில் பல்கலைக்கழகங்களின் ஆய்வு உதவியாளர் பணிகள் சேர்ந்தே பட்டியலாகின்றன. விண்ணப்பத்தோடு பெரும்பாலும் ஒரு தரவுத் தேர்வு கொடுப்பார்கள். குளறுபடியான ஒரு கோப்பை அனுப்பிச் சில மணி நேரத்தில் சுத்தம் செய்து, ஒரு கேள்விக்கு விடை காணச் சொல்வார்கள். பள்ளியின் பெயர் அந்தக் கோப்பைச் சுத்தம் செய்து தராது.

ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது வளாகத்தில் எத்தனை ஆய்வகங்கள் இருக்கின்றன, முதுகலை மாணவர்களை அவை வேலைக்கு எடுக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வளாகத்திலேயே வேலை செய்யலாம். முதல் பருவத்திலேயே ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்துவிட்டால், படிப்பு முடியும்போது அவளுடைய வேலையை நேரில் பார்த்தவர்கள் அங்கே இருப்பார்கள். முழுநேர ஆய்வாளர் பணிகள் இப்படித்தான் பலருக்கு அமைகின்றன.

எந்த நிறுவனம் ஸ்பான்சர் செய்கிறது என்பதை யூகிக்க வேண்டியதில்லை. எச்-1பிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்தத் தரவை நிறுவனத்தின் பெயர், பதவி, சம்பளத்தோடு அந்தத் துறையே காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் அரசியல் அறிவியலாளர் (19-3094), பொருளியலாளர் (19-3011), புள்ளியியலாளர் (15-2041) ஆகிய தொழில் குறியீடுகளை மட்டும் பிரித்தெடுத்தால் யார் யார் இந்த வேலைகளுக்கு ஸ்பான்சர் செய்தார்கள் என்ற பட்டியல் கையில் வந்துவிடும். இதை உங்கள் மகளே செய்யட்டும். அவள் செய்யப்போகும் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மாமாவின் வாதத்துக்கும் பெயர், சம்பளம், ஆண்டு சகிதமாகப் பதில் கிடைக்கும்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. சம்பளம் கணினி நிறுவனங்களைவிடக் குறைவு. இங்கிருந்து ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாறினால் அப்போது குலுக்கலுக்குள் போக வேண்டும். எச்-1பியின் ஆறு ஆண்டு வரம்பு இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். அரசுப் பல்கலைக்கழகமென்றால் மாநிலத்தைக் கவனியுங்கள்: 2025 அக்டோபரில் புளோரிடா ஆளுநர் தம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் எச்-1பி நியமனங்களை நிறுத்தச் சொன்னார், 2026 ஜனவரியில் டெக்சாஸ் ஆளுநர் அரசுத் துறைகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் புதிய விண்ணப்பங்களை 2027 மே வரை முடக்கினார். இரண்டாவது இடம் தனியார் பல்கலைக்கழகம் என்பதில் எனக்கு இன்னொரு நிம்மதி இதனால்தான்.

புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு நிறுவனங்கள் மீது விதிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். அதை விதித்த அமெரிக்க அதிபரின் 2025 செப்டம்பர் 19 அறிவிப்பு, தொடக்கத்தில் ஓராண்டுக்கென்று வந்தது. வரம்பு விலக்குப் பெற்ற பல்கலைக்கழகங்களையும் அது விடவில்லை. ஆனால் அமெரிக்கக் குடிவரவுத் துறை அந்த ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி தந்த விளக்கப்படி, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கு அந்தத் தொகை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தச் சில வாரங்களில் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் அவளை அழைக்காதீர்கள்.

மாமா சொல்வதற்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் அதே குலுக்கல்தான். அங்கேயும் புதிதாகச் சேர்பவர் கீழ்நிலைச் சம்பளத்தில்தான் தொடங்குவார். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: விடுமுறை நாளிலும் நகராட்சி வரவு செலவு அறிக்கைகளை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று. அந்த வரியை மூன்று முறை படித்தேன். யாரும் சொல்லாமல் ஒரு பெண் இதைச் செய்கிறாள் என்றால் அவளுடைய நாட்டம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. நிரல் எழுதுவதை அவள் கற்கத்தான் வேண்டும். அந்த அறிக்கைகளைப் படிப்பதற்கான கருவியாகக் கற்கட்டும். விசாவுக்காக அவளை வேறொரு துறைக்குத் திருப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலைவழிப் பிரிவில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீண்டது. அது கிடைக்கும் என்று நம்பி வாங்கும் எந்தக் கடனும் தவறான கடன். ஊர் திரும்பினாலும் அவள் சம்பளத்தில் அடைக்க முடிகிற தொகை எவ்வளவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்டுவதற்கு முன், பாதிக் கட்டணம் குறைத்த பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு உங்கள் மகளே மின்னஞ்சல் எழுதட்டும். என் ஐ-20இல் எந்த சிஐபி குறியீடு அச்சாகும் என்று கேட்கட்டும். கடந்த ஆண்டு முதுகலை முடித்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக ஆய்வகங்களில் சேர்ந்தார்கள் என்று துறையின் வேலைவாய்ப்பு அலுவலரிடமும் கேட்கட்டும். குறியீடு ஸ்டெம் என்று எழுத்தில் பதில் வந்தால் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்று வந்தால் இப்போதைய வேலையிலேயே இன்னும் ஓராண்டு இருந்து, ஆர் மொழியைக் கற்று, ஸ்டெம் படிப்புகளுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பிக்கட்டும். அப்படியானாலும் அந்த முதல் பள்ளிக்கு 80 லட்சம் கடன் வாங்கிப் போக வேண்டாம்.