மதுரைக்கு வைத்தியத்துக்குப் போகிறோம்: காசா, கடனட்டையா?

திருகோணமலை உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி: “அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக 12 நாள் மதுரைக்குப் போகிறோம். என்னிடம் ஒரு கடனட்டையும் சம்பளக் கணக்கின் டெபிட் அட்டையும் இருக்கின்றன. செலவு முழுவதையும் காசாகக் கொண்டுபோவதா, அட்டையை நம்புவதா?”

இரண்டும் வேண்டும். எதை எங்கே கொடுப்பது என்பதை மட்டும் இங்கிருந்தே முடிவு செய்துகொண்டு போங்கள். ஆஸ்பத்திரி பில்லும் லொட்ஜ் வாடகையும் கடனட்டையில். ஓட்டோ, சாப்பாடு, தெருமுனை மருந்துக்கடை எல்லாம் காசில்.

முதல் வேலை, ஆஸ்பத்திரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இந்தியாவுக்கு வெளியே வழங்கிய அட்டையை உங்கள் மெஷின் ஏற்குமா, அதற்கு மேலதிகமாக ஏதும் அறவிடுவீர்களா என்று கேளுங்கள். உள்ளூர் அட்டைகளை மட்டும் ஏற்கும் மெஷின்கள் உண்டு. அம்மா அட்மிட் ஆன பிறகு கவுன்டரில் நின்று இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. பெரிய பில்லைக் காசாகவே கட்டிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒருவரிடமிருந்து 2 இலட்சம் இந்திய ரூபாயோ அதற்கு மேலோ காசாக வாங்குவது 2017 ஏப்ரலில் இருந்து அங்கே வருமானவரிச் சட்டப்படி தடை.

அட்டையில் கட்டும்போது அதிகம் பேர் ஏமாறுவது மெஷின் திரையில்தான். இந்திய ரூபாயில் ஒரு தொகை, இலங்கை ரூபாயில் ஒரு தொகை என இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். நம் காசில் காட்டுவது வசதியாகத் தெரியும். ஆனால் அந்த மாற்றுவீதத்தை வைப்பது உங்கள் வங்கியல்ல. மெஷினைக் கொடுத்தவர்கள் தங்கள் இலாபத்தையும் சேர்த்து வைப்பது. பில் 40,000 இந்திய ரூபாய், அட்டை நிறுவனத்தின் வீதம் 3.50 என்று கணக்குக்கு எடுத்தால் 140,000 இலங்கை ரூபாய். மெஷின் 3.70 போட்டால் 148,000. ஒரே பில்லில் 8,000 போய்விடும். எப்போதும் இந்திய ரூபாயையே தெரிவு செய்யுங்கள். சில இடங்களில் காசாளரே உங்களைக் கேட்காமல் அழுத்திவிடுவார். ஆகவே மெஷினைக் கையில் வாங்கிப் பாருங்கள். துண்டில் இலங்கை ரூபாய் அச்சாகியிருந்தால், அங்கேயே இரத்துச் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏ.ரி.எம். திரையிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

புறப்பட ஒரு வாரத்துக்கு முன் உங்கள் வங்கியோடு பேசுங்கள். வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லி, பயண நாட்களையும் கொடுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு எத்தனை சதவீதம் கூட்டுவார்கள் என்று கேளுங்கள்: 3 சதவீதம் என்றால் மேலே சொன்ன 140,000க்கு 4,200. கடன் எல்லை இலங்கை ரூபாயில் இருப்பதால், பில் முழுவதும் அதற்குள் அடங்குமா என்று இப்போதே பெருக்கிப் பாருங்கள். அட்டையின் இரகசிய இலக்கம் (PIN) மறந்திருந்தால் புதிதாக எடுங்கள். ஒன்லைனில் கட்டினால், உறுதிசெய்யும் ஒருமுறை இலக்கம் (ஓ.ரி.பி.) உங்கள் இலங்கைத் தொலைபேசி இலக்கத்துக்கே வரும். ரோமிங் திறக்காமல் போனால் அட்டை இருந்தும் பயனில்லை.

இனிக் காசு. விமான நிலையம் வழியாக வரும் இலங்கையர் 25,000 வரை இந்திய ரூபாய் நோட்டுகளை இந்தியாவுக்குள் கொண்டுபோகலாம். இரண்டு மூன்று நாள் கைச்செலவுக்கு 15,000 கொண்டுபோங்கள், 100, 200 ரூபாய்த் தாள்களும் கலந்து. மீதிக்கு டொலர் எடுத்துப்போய் மதுரையில் மாற்றலாம். டொலரை வங்கியில், அல்லது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மட்டும் வாங்குங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், விசா கேட்பார்கள். ஊர்க் கிளையில் தாள் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி கடைசி நாளில் போகாதீர்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிழிசல், பேனாக் கோடு, முத்திரை உள்ள டொலரையும், தலை சிறிதாக உள்ள பழைய வெளியீட்டையும் மாற்றுக் கடைகள் பெரும்பாலும் தள்ளிவிடும். 5,000 டொலருக்கு மேல் தாளாக இருந்தால் இந்திய சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

போன பயணத்தில் மிஞ்சி அலுமாரிக்குள் கிடக்கும் இந்திய நோட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாததாக்கிய பழைய 500, 1000 வெறும் கடதாசி. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் மீளப் பெறத் தொடங்கினார்கள், கடையில் வாங்கமாட்டார்கள்.

கைக்காசு தீர்ந்தால் ஏ.ரி.எம்.மில் டெபிட் அட்டையைப் போடுங்கள். கடனட்டையில் காசு எடுத்தால் அது முற்பணக் கடன்: எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனியாக விழும், பொருள் வாங்கினால் கிடைக்கும் தவணை நாட்கள் இதற்குக் கிடையாது. டெபிட் அட்டையிலும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. நாளுக்கு ஆயிரம் ஆயிரமாக எடுப்பதைவிட ஒரேயடியாக எடுப்பது இலாபம்.

லொட்ஜில் முற்பணமாக அட்டையைக் கேட்டால் கடனட்டையைக் கொடுங்கள். அவர்கள் பிடித்துவைக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகலாம். டெபிட் அட்டை என்றால் முடங்குவது உங்கள் சொந்தச் சம்பளம்.

அங்கே பெட்டிக்கடையிலும் கியூ.ஆர். ஒட்டியிருக்கும். அது யூ.பி.ஐ. எனும் இந்தியக் கைபேசிக் கொடுப்பனவு முறை. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் அதை வைத்து இங்கே நம் கடைகளின் லங்கா கியூ.ஆரில் கட்டுகிறார்கள் என்பதற்காக, உங்கள் இலங்கை வங்கிச் செயலி அங்கே வேலை செய்யும் என்று திட்டமிட வேண்டாம்.

இரண்டு அட்டைகளையும் ஒரே பேர்சில் வைக்காதீர்கள். ஒன்று அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். அட்டையை நிறுத்தச் சொல்லும் வங்கி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி மருத்துவக் கோப்புக்குள் வையுங்கள். மதுரையில் டொலர் மாற்றும்போது தரும் பற்றுச்சீட்டையும் அதிலேயே போடுங்கள்; மிஞ்சிய இந்திய ரூபாயைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள். இலங்கை ரூபாய் 20,000க்கு மேல் கொண்டுபோக முடியாது, அங்கே அதற்கு நல்ல விலையும் கிடைக்காது. ஆனால் திரும்பி வந்து கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலைக்கு வர வாகனக் கூலிக்குத் தேவையானதை மட்டும் பாஸ்போர்ட் உறைக்குள் தனியாக வைத்துவிடுங்கள்.