வி-கிராஸில் டிபிஎஃப்பைக் கழற்றலாமா?
வணக்கம் நண்பரே. 2022 இசுசு வி-கிராஸ் 1.9 டீசல் பிக்கப், சத்தம் சப்பென்று இருக்கிறது, இழுவையும் குறைந்துவிட்டது, டிபிஎஃப்பை (டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கழற்றி நேர்க்குழாய் போட மெக்கானிக் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் அதைக் கழற்றினால் சென்சார்கள் சும்மா விடாது, எஞ்சின் லைட் எரியும். அதை மறைக்க ஈசியுவிலும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கை வைக்க வேண்டும். சட்டப்படியும் தப்பு.

டர்போ டீசலில் வி8 பெட்ரோல் உறுமலை எதிர்பார்க்காதீர்கள். சத்தத்தின் பெரும்பகுதியை டர்போவும் டிபிஎஃப்பும் விழுங்கிவிடும். பின்னால் இருக்கும் மஃப்ளரை (சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) மட்டும் மாற்றினால் குரல் கொஞ்சம் கனக்கும். பவர் பெரிதாக ஏறாது. வாங்கும் முன் அதே மஃப்ளர் போட்ட வண்டியில் ஹைவேயில் போய்ப் பாருங்கள். 2000 ஆர்பிஎம் பக்கம் கேபினுக்குள் ரீங்காரம் வந்தால் நீண்ட பயணத்தில் தலைவலிதான்.

சரி, இழுவைக்கு வருவோம். இந்த எஞ்சினுக்கு 360 நியூட்டன் மீட்டர் டார்க் உண்டு, குறைவில்லை. ஊருக்குள்ளேயே ஓட்டினால் டிபிஎஃப்பில் கரி சேர்ந்திருக்கும். ஹைவேயில் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், சூட்டில் அந்தக் கரி எரிய வாய்ப்புண்டு. அப்புறம் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே காற்று கசிய வாய்ப்புண்டு. எக்ஸாஸ்டுக்குச் செலவழிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.